நேர்கோட்டில் மயில் கழுத்து வராது

உங்க டிபார்ட்மென்ட் சிம்போசியம் போஸ்டரை ஒரு தடவை திறந்து பாருங்க. நிச்சயம் அதில் ஒரு கிரேடியன்ட் இருக்கும். மேலே ஊதா, கீழே நீலம். இல்லைன்னா இடது பக்கம் ஆரஞ்சு, வலது பக்கம் ரோஸ். பின்னணிக்கு அது போதும். ஆனால் அதே போஸ்டரில் ஒரு மயிலோ மாங்காய் புட்டாவோ இருந்தால், அதன் மேலும் அதே கிரேடியன்ட்டைத்தான் நேராக இழுத்து விட்டிருப்பார்கள். மயிலின் கழுத்து வளைந்து திரும்புகிறது. நிறம் மட்டும் அதைக் கண்டுகொள்ளாமல் மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது. பார்க்கிறவருக்கு என்ன தப்பு என்று சொல்லத் தெரியாது. ஏதோ ஸ்டிக்கர் ஒட்டின மாதிரி இருக்கே என்று மட்டும் தோன்றும்.

சிம்போசியம் முடிந்தால் போஸ்டர் குப்பைக்குப் போகும், அதை விடுங்க. காஞ்சிபுரத்தில் இதே வேலை காசுக்கும் நடக்கிறது. நம்மில் சிலர் படிச்சுக்கிட்டே பட்டுச் சேலைக் கடைகளுக்கு இன்ஸ்டாகிராம் படமும் கேட்லாக்கும் செய்து கொடுக்கிறோம். 'இந்தச் சேலையை வேற கலர்ல காட்டு', 'முந்தானையில கொஞ்சம் ஷேடு கொடு', 'பார்டர் மாங்காய் பளிச்சுன்னு வரட்டும்' என்று கேட்பார்கள். வாங்குகிறவர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ உட்கார்ந்து அந்தப் படத்தை நம்பித்தான் பணம் கட்டுகிறார். அங்கே நாம் இழுக்கிற ஒரு நேர்கோட்டு கிரேடியன்ட், இல்லாத ஒரு சேலையை அவருக்கு விற்கிறது.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது ஒன்றுதான். நிறம் எந்தத் திசையில் மாற வேண்டும் என்பதை வடிவம்தான் முடிவு செய்ய வேண்டும், சாஃப்ட்வேரின் மெனு இல்லை. இதற்கு வேண்டிய கணக்கை நாம் ஏற்கெனவே படித்து, பரீட்சை எழுதி, மறந்தும் விட்டோம்.

மெனுவில் இருப்பது என்ன?

ஃபோட்டோஷாப்பின் கிரேடியன்ட் டூலில் ஐந்து வகை இருக்கிறது: லீனியர், ரேடியல், ஆங்கிள், ரிஃப்ளெக்டட், டயமண்ட். ஐந்துக்கும் ஒரு பொதுக்குணம் உண்டு. நீங்க மவுஸால் எங்கே தொடங்கி எங்கே விட்டீங்க என்பது மட்டும்தான் அவற்றுக்குத் தெரியும். உள்ளே இருப்பது மாங்காயா, மயிலா, வெறும் சதுரமா என்ற விவரம் அவற்றுக்குத் தேவையில்லை. முதலில் திரை முழுக்க நிறத்தைப் பரப்பி, பிறகு உங்க செலக்‌ஷன் அளவுக்கு வெட்டிக் கொடுக்கும். துணியை நெய்து முடித்த பிறகு மாங்காய் வடிவத்தில் கத்தரிப்பதற்குச் சமம் அது.

வெளிச்சம் அப்படி விழுவதில்லை. சந்தேகம் இருந்தால் ஒரு சாயங்காலம் வரதராஜப் பெருமாள் கோயிலின் நூற்றுக்கால் மண்டபத்துக்குப் போய்ப் பாருங்க. எல்லோரும் கல் சங்கிலியைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நீங்க தூண்களில் பாயும் குதிரைகளின் கழுத்தைப் பாருங்க. கழுத்து வளைகிற இடத்திலெல்லாம் நிழலும் கூடவே வளைந்து வரும். வெளிச்சப் பக்கத்திலிருந்து இருட்டுப் பக்கத்துக்கு நிறம் மாறுவது கழுத்தின் குறுக்கே நடக்கும். கழுத்தின் நீளவாக்கில் ஏறக்குறைய ஒரே நிறம் ஓடும். அதே கழுத்தை நேர்கோட்டு கிரேடியன்ட்டால் நிரப்பினால் அந்த உருட்சி போய்விடும். கல் குதிரை அட்டைக் குதிரை ஆகிவிடும்.

வெக்டர் கால்குலஸ் ஞாபகம் இருக்கா? 'கிராட் ஃபை' என்பது ஃபையின் சமமதிப்புக் கோடுகளுக்குச் செங்குத்தாக இருக்கும் என்று இரண்டு மார்க் கேள்விக்கு எழுதினோமே, அதே கிரேடியன்ட்தான் இது. படத்தில் ஒரே நிறம் உள்ள புள்ளிகளைச் சேர்த்தால் ஒரு கோடு வரும். லீனியரில் அந்தக் கோடுகள் எல்லாம் ஸ்கேல் வைத்துப் போட்டது போல இருக்கும். மாங்காய்க்கு வேண்டியது மாங்காயின் ஓரத்தோடு சேர்ந்து வளைகிற கோடுகள்.

நெசவாளர் போட்ட ஷேடு

பழைய காஞ்சிபுரம் சேலை ஒன்று வீட்டில் இருந்தால் பார்டரில் உள்ள மாங்காயை உற்றுப் பாருங்க. பல சேலைகளில் ஒரு மாங்காய், அதற்குள் சின்னதாக இன்னொரு மாங்காய், அதற்குள்ளும் ஒன்று என்று அடுக்கி இருக்கும். சும்மா அழகுக்கு மட்டும் செய்த வேலை என்று நினைக்காதீங்க. தறியில் அரைச் சரிகை, கால் சரிகை என்று எதுவும் கிடையாது. ஒரு பாவு நூலும் ஒரு ஊடை நூலும் சந்திக்கிற இடத்தில் எது மேலே, எது கீழே என்ற ஒரே கேள்விதான். டிசைனைக் கட்டம் போட்ட கிராஃப் தாளில் வரைகிறார்கள், அதைப் பார்த்து அட்டையில் துளை போடுகிறார்கள். ஜக்கார்டு அந்த அட்டையைப் படித்து நூலைத் தூக்குகிறது. பிரான்ஸில் ஜோசஃப் மரி ஜக்கார்டு 1804 வாக்கில் கொண்டுவந்த அந்த ஏற்பாடு, துளை இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் பூஜ்யம் என்று நம் கம்ப்யூட்டருக்கு முன்பே வேலை செய்தது.

ஒன்றும் பூஜ்யமும் மட்டும் உள்ள இடத்தில் நிறத்தை மெல்ல மாற்ற வேண்டும் என்றால் படிப்படியாகத்தான் மாற்ற முடியும். அந்தப் படிகளை எந்தத் திசையில் வைப்பது? நேராக வைத்தால் மாங்காயின் மேல் பட்டை பட்டையாகக் கோடு விழும். ஓரத்தை ஒட்டி வைத்தால் மாங்காய் உப்பி நிற்கும். மாங்காய்க்குள் மாங்காய் செய்வது இந்த இரண்டாவது வேலையை. இன்று நாம் சாஃப்ட்வேரில் தேடுவதும் இதே வேலைதான். கிராஃப் தாளில் பென்சிலால் செய்ததை, எட்டு ஜிபி ராம் வைத்துக்கொண்டு செய்யாமல் விடுவதற்கு நமக்குச் சாக்கு எதுவும் இல்லை.

அதே டூலில் ஒளிந்திருக்கும் வழிகள்

செய்யவே முடியாது என்று இல்லை, தேடிப் பார்க்கிறவர் குறைவு, அவ்வளவுதான்.

ஜிம்ப் வைத்திருப்பவர்கள் கிரேடியன்ட் டூலின் 'ஷேப்' பட்டியலைக் கீழே வரை இறக்கிப் பாருங்க. ஷேப்டு ஆங்குலர், ஷேப்டு ஸ்ஃபெரிக்கல், ஷேப்டு டிம்பிள்டு என்று மூன்று இருக்கும். முதலில் மாங்காயைச் செலக்ட் செய்துவிட்டு இவற்றில் ஒன்றைப் போட்டால், நிறம் செலக்‌ஷனின் ஓரத்திலிருந்து உள்ளே போகும். ஃபோட்டோஷாப்பில் இதே விஷயம் லேயர் ஸ்டைலுக்குள் ஸ்ட்ரோக்கில் இருக்கிறது. ஃபில் டைப்பை கிரேடியன்ட் ஆக்கி, ஸ்டைலில் 'ஷேப் பர்ஸ்ட்' எடுத்து, ஸ்ட்ரோக்கை உள்பக்கமாக வைத்து அளவைக் கூட்டுங்க. இல்லஸ்ட்ரேட்டரில் ஒரு கோட்டுக்கே கிரேடியன்ட் கொடுத்து, அது கோட்டின் நீளவாக்கில் போகணுமா குறுக்கே போகணுமா என்று தேர்ந்தெடுக்கலாம். மயில் கழுத்தை ஒரே தடித்த கோடாக வரைந்து நிறத்தைக் குறுக்கே விட்டால் வேலை முடிந்தது.

இதற்கு அடுத்த படி மெஷ். இல்லஸ்ட்ரேட்டரில் ரொம்ப நாளாக இருக்கிறது. இலவசமான இங்க்ஸ்கேப்பில் 2017-ல் வந்த 0.92 பதிப்பிலிருந்து இருக்கிறது. வடிவத்தின் மேல் வளையக்கூடிய ஒரு வலையை விரித்து, ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒரு நிறம் கொடுப்பதுதான் மெஷ். இந்த மாதிரி வளைந்த பரப்பை நான்கு ஓரக்கோடுகளால் கட்டுவதற்கு 1960-களில் எம்ஐடியில் ஸ்டீவன் கூன்ஸ் கணக்குப் போட்டு வைத்தார். பிடிஎஃப் கோப்பில் இன்றும் அவர் பெயரிலேயே ஒரு நிரப்பும் முறை உண்டு. ஒரே ஒரு எச்சரிக்கை: மெஷ் எஸ்விஜி 2 வரைவில் இருந்து பிறகு நீக்கப்பட்டுவிட்டது, பிரவுசர்கள் அதை ஆதரிப்பதில்லை. அச்சுக்கு பிடிஎஃப், இணையத்துக்கு பிஎன்ஜி என்று எடுத்துக் கொடுங்க. இல்லைன்னா கடைக்காரர் ஃபோனில் மாங்காய் வேறு மாதிரி தெரிந்து, 'என்னப்பா அனுப்பின?' என்று உங்களுக்கு ஃபோன் வரும்.

எம்-3 பேப்பர் இங்கேதான் உதவும்

மெனுவில் இருப்பது போதவில்லையா? நாமே எழுதிக்கொள்ளலாம். இரண்டு வழி சொல்கிறேன்.

முதல் வழி தூரம். ஒரு வளைந்த பட்டையை நினைத்துக்கொள்ளுங்க. அதற்கு வெளி ஓரம் ஒன்று, உள் ஓரம் ஒன்று. ஒரு பிக்சல் வெளி ஓரத்திலிருந்து 3 பிக்சல் தள்ளியும் உள் ஓரத்திலிருந்து 9 பிக்சல் தள்ளியும் இருந்தால், 3 வகுத்தல் 12, அதாவது 25 சதவீதம். வெளி நிறத்திலிருந்து உள் நிறத்துக்குக் கால்வாசி தூரம் வந்துவிட்டது என்று அர்த்தம். எல்லா பிக்சலுக்கும் இதைச் செய்தால் நிறம் பட்டையோடு சேர்ந்து வளையும். ஓப்பன்சிவியில் 'டிஸ்டன்ஸ் டிரான்ஸ்ஃபார்ம்' ரெடியாக இருக்கிறது. பைத்தானில் இருபது வரி கூடத் தேவைப்படாது.

இதில் ஒரு குறை உண்டு. மாங்காய் மாதிரி முழு உருவத்தில் ஓரத்திலிருந்து உள்ளே மட்டும் தூரம் கணக்கிட்டால், இரண்டு பக்கத் தூரமும் சமமாகிற நடுப்பகுதியில் ஓட்டு வீட்டு முகடு மாதிரி ஒரு கோடு விழும். ஷேப் பர்ஸ்ட்டில் தெரிகிற அந்தக் கீறலும் இதனால்தான்.

அந்த முகடு வேண்டாம் என்றால் இரண்டாவது வழி, வெப்பம். எம்-3 பேப்பரில் சதுரத் தகடு ஒன்று வருமே, ஒரு ஓரம் 100 டிகிரி, மற்ற மூன்று ஓரம் பூஜ்யம், ஸ்டெடி ஸ்டேட் டெம்பரேச்சர் கண்டுபிடி என்று? அதுவேதான். தகட்டின் இடத்தில் மாங்காயை வையுங்க. டிகிரியின் இடத்தில் நிறத்தை வையுங்க. வெளி ஓரத்தில் அரக்கு, உள்ளே வரைந்த சுழியில் தங்கம். நடுவில் லாப்லாஸ் சமன்பாடு பார்த்துக்கொள்ளும். கையால் ஃபூரியர் தொடர் எல்லாம் போட வேண்டாம். நியூமரிக்கல் மெத்தட்ஸில் படித்த லீப்மேன் முறை போதும்: ஒவ்வொரு பிக்சலுக்கும் மேல், கீழ், இடம், வலம் நான்கின் சராசரி. பக்கத்தில் 100, 100, 40, 0 இருந்தால் இதன் மதிப்பு 60. எண்கள் மாறாமல் நிற்கும் வரை திரும்பத் திரும்பச் செய்யுங்க. எக்செல் ஷீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஓரங்களுக்கு நடுவே எங்கேயும் முகடு விழாது. ஒன்று மட்டும் கவனம்: ஓரம் முழுக்க ஒரே நிறம் கொடுத்து உள்ளே எதுவும் கொடுக்காவிட்டால், மாங்காய் முழுக்க அதே நிறம்தான் வரும். வெப்பம் பாய்வதற்கு இரண்டு வெவ்வேறு ஓரங்கள் வேண்டும்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 2008-ல் சிக்ராஃப் மாநாட்டில் 'டிஃப்யூஷன் கர்வ்ஸ்' என்று ஓர் ஆய்வு வந்தது. ஒரு வளைகோட்டின் இரண்டு பக்கமும் நிறம் கொடுத்தால், அது வெப்பம் போலப் பரவிப் படத்தை நிரப்பும். அதன் அடிப்படை நம் பாடத்திட்டத்தில் இருக்கும் கணக்கு. நாம் அதைப் பதினாறு மார்க்காக மட்டும் பார்த்தோம்.

சேலை மடிப்பு வேறு கதை

இதுவரை சொன்னது வரைந்த உருவத்துக்கு. சேலையின் ஃபோட்டோவுக்கு வந்தால் விஷயம் இன்னும் கறாரானது.

மயில் கழுத்து நிறத்தை எடுத்துக்கொள்ளுங்க. அந்தச் சேலையில் மயில் கழுத்து நிறத்தில் ஒரு நூல் கூட இருக்காது. பாவு ஒரு நிறம், ஊடை இன்னொரு நிறம், பச்சையும் நீலமும் மாதிரி. ஒவ்வொரு பட்டு நூலும் ஒரு மெல்லிய பளபளப்பான உருளை. பாவு ஒரு திசையில் கிடக்கிறது, ஊடை அதற்குக் குறுக்கே கிடக்கிறது. அதனால் இரண்டும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் கோணம் வேறு. துணி மடங்கும்போது ஓரிடத்தில் பச்சை மின்னும், கொஞ்சம் தள்ளி நீலம் மின்னும். கொசுவத்தை அசைத்தால் நிறமும் கூடவே நகரும். அங்கே நிறத்தை முடிவு செய்வது துணி எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதுதான். திரையில் அது மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பதற்கு அதில் வேலையே இல்லை.

இதன் மேல் மேலிருந்து கீழாகப் பச்சை–நீலம் கிரேடியன்ட் இழுத்தால் என்ன ஆகும்? மேல் பாதி பச்சைச் சேலை, கீழ் பாதி நீலச் சேலை. அப்படி ஒரு சேலையை யாரும் நெய்யவில்லை. வாங்கியவர் பெட்டியைப் பிரிக்கும்போது ஏமாற்றம். திருப்பி அனுப்புவார், அல்லது அடுத்த தடவை வாங்க மாட்டார். 'நிறம் சற்றே மாறுபடலாம்' என்று கீழே பொடி எழுத்தில் போட்டுத் தப்பிக்கலாம்தான். ஆனால் அந்த வரி கேமராவும் திரையும் செய்யும் சின்ன வித்தியாசத்துக்காக இருப்பது. நம்ம சோம்பலுக்குக் கேடயமாக அதை எழுதக் கூடாது.

அதற்குப் பதில் 'கிரேடியன்ட் மேப்' போடுங்க. அது இடத்தைப் பார்க்காமல் வெளிச்சத்தைப் பார்க்கிறது. இருட்டான பிக்சலுக்கு ஒரு நிறம், வெளிச்சமான பிக்சலுக்கு இன்னொரு நிறம். மடிப்பின் வளைவு ஏற்கெனவே ஃபோட்டோவின் நிழலில் இருப்பதால், நிறம் தானாக வளைந்து போகும். இதுவும் முழு உண்மை ஆகாது. ஒரு மடிப்பின் இரண்டு பக்கமும் ஒரே அளவு வெளிச்சமாக இருந்தாலும், நிஜச் சேலையில் ஒரு பக்கம் பச்சையாகவும் மறுபக்கம் நீலமாகவும் இருக்கலாம். அதனால் மயில் கழுத்து மாதிரி இருநிறச் சேலை என்றால் என் ஆலோசனை இன்னும் எளிது: எடிட் செய்யாதீங்க. ஜன்னல் பக்கம் வைத்து, மடிப்பை மெல்லத் திருப்பி, ஐந்து செகண்ட் வீடியோ எடுத்துப் போடுங்க. எந்த டூலும் அதற்கு ஈடாகாது.

இன்னொன்று, கிரேடியன்ட்டே கூடாத இடமும் சேலையில் உண்டு. அரக்கு உடலும் பச்சைக் கரையும் சேர்கிற கோர்வையைப் பாருங்க. மூன்று நாடா வைத்து, பெரும்பாலும் பக்கத்தில் ஒரு ஆளின் துணையோடு, ஒவ்வொரு இழையிலும் இரண்டு நிறத்தைக் கோத்து நெய்கிற வேலை அது. கோபுரக் கரையாக இருந்தால் அந்தக் கூர்மையே அதன் பெருமை. 'ஸ்மூத்தா இருக்கட்டும்' என்று அந்த விளிம்பை மழுக்கினால், இரண்டு பேர் சேர்ந்து செய்த வேலையை ஒரு ஸ்லைடரால் அழிக்கிறோம். போதாக்குறைக்கு அரக்குக்கும் பச்சைக்கும் நடுவே சாதாரண கிரேடியன்ட் சேற்று நிறத்தைத்தான் கொடுக்கும்.

'இதெல்லாம் ஏஐ பார்த்துக்கும்'

இந்தப் பதில் வரும் என்று தெரியும். ஏஐ அழகான சேலைப் படம் கொடுக்கும், மறுக்கவில்லை. மடிப்பும் மினுமினுப்பும் நம்மைவிட நன்றாகவே வரலாம். ஆனால் அது ஏதோ ஒரு சேலை. கடையில் மடித்து வைத்திருக்கிற, ஒருவர் பல நாள் தறியில் உட்கார்ந்து நெய்த அந்த ஒரு சேலை இல்லை. காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயரைத் தவறாகப் பயன்படுத்தினால் கேட்க அதனால் ஒரு வழி உண்டு. படத்தில் நிறம் பொய் சொன்னால் முதலில் கேட்க வேண்டியது, படத்தைச் செய்கிறவரின் மனசாட்சிதான். அந்த இடத்தில் இன்று உட்கார்ந்திருப்பது நாம்.

'நாங்க இன்ஜினியர், டிசைனர் இல்லையே' என்பது இன்னொரு பதில். டிசைனருக்கு எங்கே தப்பு என்று தெரியும், லாப்லாஸ் தெரியாமல் இருக்கலாம். நெசவாளருக்குப் படி எங்கே விழ வேண்டும் என்று கை சொல்லும், கோட் எழுத அவருக்கு நேரம் இருக்காது. நமக்கு கோட் தெரியும், கணக்குத் தெரியும், தறி இருக்கும் தெருவுக்கு டவுன் பஸ்ஸும் இருக்கிறது. நடுவில் நிற்க வேண்டியவர்கள் நாம்தான்.

அதனால் கடைசி வருஷத்துக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். முகத்தைப் பார்த்து அட்டெண்டன்ஸ் போடும் ப்ராஜெக்ட்டை இந்த வருஷம் ஒரு டீமாவது கைவிடுங்க. ஒரு மாங்காயின் ஓரத்தைக் கொடுத்தால், அதன் வளைவோடு போகும் ஷேடைக் கணக்கிட்டு, அதைத் தறிக்கு ஏற்ற மூன்று நான்கு படிகளாக உடைத்து, கட்டத்தாளில் அச்சிட்டுக் கொடுக்கும் ஒரு சின்ன ஜிம்ப் பிளகின் செய்யுங்க. இலவசமாக வெளியிடுங்க. காஞ்சிபுரத்திலேயே மத்திய அரசின் நெசவாளர் சேவை மையம் இருக்கிறது. கிராஃப் போடுகிற கைகள் அங்கேயும் உண்டு, தெருவிலும் உண்டு. கோட் எழுதுவதற்கு முன்னால் அவர்கள் பக்கத்தில் ஒரு நாள் உட்கார்ந்து, படியை ஏன் அந்த இடத்தில் வைக்கிறார்கள் என்று கேளுங்க. சாஃப்ட்வேர் ரெக்வயர்மென்ட் என்று ரெக்கார்டில் எழுத உண்மையான விஷயம் அங்கே கிடைக்கும்.

ப்ராஜெக்ட் அளவுக்குப் போக முடியாதவர்கள் இன்றைக்கே ஒன்று செய்யலாம். அடுத்த தடவை ஒரு வளைந்த உருவத்துக்கு நிறம் போடும்போது, மவுஸை இழுப்பதற்கு முன் ஒரு பேப்பரில் அந்த உருவத்தை வரைந்து, ஒரே நிறம் எந்தெந்தக் கோட்டில் வரணும் என்று பென்சிலால் போட்டுப் பாருங்க. ஒரு நிமிஷம் ஆகும். அதன் பிறகு எந்த டூல் என்று தேடுங்க. செய்து பார்த்த மாங்காயோ மயிலோ இருந்தால் அடுத்த இதழுக்கு அனுப்பி வையுங்க. லீனியரில் போட்டது ஒன்று, ஓரத்தோடு வளைத்துப் போட்டது ஒன்று, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்புங்க.